கறிக்கோழி முடிந்தது, வான்கோழி இன்னும் வளர்கிறது

இந்த பேட்ச் கறிக்கோழி எல்லாம் சுத்தம் செய்து ஃப்ரீசருக்குள் போயாகிவிட்டது. வான்கோழிகள் இன்னும் வேலிக்குள் நின்று ஆளைக் கண்டால் கத்துகின்றன. இரண்டையும் ஒரே சமயத்தில் குஞ்சாக எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்ததில் ஒன்று நன்றாகப் புரிந்தது: கறிக்கோழியைத் தின்னவிடாமல் நிறுத்துவது ஒரு வேலை, வான்கோழிக் குஞ்சைத் தின்ன வைப்பது அதைவிடப் பெரிய வேலை.

சூடு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் வாரம் புரூடரில், அதாவது குஞ்சுகளை விளக்குச் சூட்டில் வைக்கும் கூட்டில், 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் தொங்கினாலும் நான் குஞ்சுகளைத்தான் பார்ப்பேன். விளக்குக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தரையில் மரச்சீவல் போட்டேன். செய்தித்தாள் மட்டும் விரித்தால் வழுக்கும், குஞ்சின் கால் இரண்டு பக்கமும் அகன்றுபோகும்.

வான்கோழிக் குஞ்சுக்குத் தண்ணீர் எது, தீவனம் எது என்று தானாகத் தெரியாது என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. தட்டு நிறையத் தீவனம் இருக்கும்போதே பட்டினி கிடந்து சாகும். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகைத் தண்ணீரில் நனைத்து விட்டேன். தண்ணீர்த் தட்டில் பளபளக்கும் கோலிக்குண்டுகளைப் போட்டால் அதைக் கொத்த வந்து தண்ணீரைக் கண்டுபிடித்துக்கொள்ளும், கூடவே தட்டில் விழுந்து நனையாமலும் இருக்கும். தீவனத் தட்டில் விரலால் தட்டிக்காட்டுவதும் உதவியது, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கோழிக்குஞ்சை உள்ளே விட்டால் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று நிறைய பேர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் நான் விடவில்லை. காரணம் கீழே சொல்கிறேன். தீவனமும் வேறு. கறிக்கோழிக் குஞ்சுக்கு 20 முதல் 22 சதவீதம் புரதம் போதும், வான்கோழிக் குஞ்சுக்கு ஆரம்பத்தில் 28 சதவீதம் வேண்டும். நியாசின் என்ற பி வைட்டமின் தேவையும் அதற்கு அதிகம், அது குறைந்தால் கால் கோணிக்கொள்ளும்.

கறிக்கோழி இதற்கு நேர் எதிர். மூன்றாவது வாரம் தாண்டியதும் தீவனத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும், எழுந்து நிற்கக்கூட மனம் வராது. இருதயமும் எலும்பும் வளரும் வேகத்தைவிட சதை போடும் வேகம் அதிகம் என்பதால், விட்டுவிட்டால் சில கால் ஒடிந்து உட்காரும், சில திடீரென்று செத்துக் கிடக்கும். அதனால் பகலில் 12 மணி நேரம் தீவனம், ராத்திரி தட்டை எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். தண்ணீரைக் கூண்டின் மறுகோடியில் வைத்தேன், குடிக்க வேண்டுமானால் நடந்துதான் ஆக வேண்டும். தரையில் போட்ட மரச்சீவல் கூளம் நனைந்தால் ரத்தக்கழிச்சல் வரும், மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு இது ரொம்ப ஆபத்து. குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள், கண் எரிந்தால் அம்மோனியா ஏறிவிட்டது, உடனே கூளத்தை மாற்ற வேண்டும். இறகு முளைத்ததும் புல்தரையில் நகரும் கூண்டுக்கு மாற்றி, தினமும் காலையில் ஒரு கூண்டு நீளம் தள்ளினேன். அந்த வேலை அலுக்கவே இல்லை, புது இடத்தைக் கண்டதும் அந்தச் சோம்பேறிகள்கூட ஓடும்.

சரி, ஏன் இரண்டையும் சேர்க்கவில்லை? கருந்தலை நோய். ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி, கோழியின் குடலில் இருக்கும் ஒரு புழுவின் முட்டைக்குள் ஒளிந்து வெளியே வருகிறது. அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், மண்புழு தின்றால் அதற்குள்ளும் இருக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வான்கோழிக்கு வந்தால் ஈரல் கெட்டு, எச்சம் கந்தக மஞ்சளாகப் போய், தலை தொங்கி நின்று செத்துவிடும். பல நாடுகளில் இதற்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்தே இல்லை. அதனால் கோழி எப்போதும் திரியாத மண்ணில்தான் வான்கோழி. காலையில் முதலில் வான்கோழி வேலை, அப்புறம்தான் கோழி, செருப்பும் இரண்டு ஜோடி. கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கறிக்கோழியை எட்டாவது வாரத்தில் முடித்தேன். அதற்கு மேல் வைத்தால் தின்னும் தீவனத்துக்கு ஏற்ற எடை ஏறாது, வெயில் நாளில் சாவும் கூடும். முந்தைய நாள் ராத்திரியே தீவனத்தை நிறுத்தினேன், தண்ணீர் மட்டும் வைத்தேன். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்யும்போது கறியில் அசிங்கம் படாது. முக்கும் வெந்நீர் 60 டிகிரியை ஒட்டி இருந்தால் இறகு லேசாக வருகிறது, ரொம்பச் சூடானால் தோல் கிழிகிறது. ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் உறையவைத்தேன். வெட்டிய உடனே உறையவைத்த கறி சமைத்தாலும் கடினமாக இருக்கும்.

வான்கோழிகள் இதற்கெல்லாம் அவசரப்படவில்லை. ஆணுக்கு அலகின் மேல் தொங்கும் சதை நீண்டு, கோபம் வந்தால் தலை சிவப்பும் நீலமுமாக மாறுகிறது. விசிலடித்தால் மொத்தக் கூட்டமும் பதில் சொல்லும், வெட்டியாக நின்று அடித்துக்கொண்டிருப்பேன். பெட்டைகளை முதலில் முடித்துவிட்டு, சேவல்களை இன்னும் சில வாரம் வைக்கலாம் என்று இருக்கிறேன். கோழிக்கு வைத்த வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு ஆண் வான்கோழி பாதிகூட முங்காது, வெட்டும் நாளுக்குள் பெரிய டிரம் ஒன்று பார்க்க வேண்டும்.