கட்டுமலையிலிருந்து பழனிமலைக்கு

கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு மலை என்றால் சுவாமிமலைதான். அறுபடை வீடுகளில் ஒன்று. ஆனால் அது தானாக எழுந்த மலை இல்லை, கட்டுமலை. பிரபவ தொடங்கி அட்சய வரை தமிழ் வருடங்களின் பெயர் கொண்ட 60 படிகள் ஏறினால் சுவாமிநாதன் சந்நிதி வந்துவிடும். எங்கே தோண்டினாலும் மணலும் களிமண்ணுமாக வருகிற காவிரிப் படுகையில் குமரனுக்குக் குன்று ஏது? இல்லாத குன்றைக் கல்லால் கட்டியே எழுப்பிவிட்டார்கள் நம் முன்னோர்கள். அந்த பக்தியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும். சின்ன வயதில் இதெல்லாம் தெரியாது. மலை என்றால் அவ்வளவுதான் உயரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழனிக்கு முதன்முதலில் போனது தம்பிக்கு முடி இறக்க. கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போய், அப்பாயி வேண்டிக்கொண்ட முடி அது. அறுவடை முடிந்து நெல் போட்ட காசு கைக்கு வந்ததும் வேன் பேசினார்கள். பெரியப்பா வீடு, அத்தை வீடு எல்லோரும் கிளம்பினோம். அப்பாயி மடியில் வாய்க்குத் துணி கட்டிய ஒரு செம்பு, அது நிறைய காவிரித் தண்ணீர். பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டு மக்கள் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து பழனிக்கு நடந்தே போவார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். "நம்மூரு காவேரியும் அவனப் போயிப் பாக்கட்டுமே" என்றாள்.

திருச்சி வரைக்கும் பழகிய பூமி. மலைக்கோட்டையைத் தூரத்திலிருந்தே பார்த்துக் கும்பிட்டோம். மணப்பாறை தாண்டியதும் பச்சை குறைந்து மண் சிவக்கத் தொடங்கியது. வையம்பட்டிக்கு அப்புறம் வானத்தின் அடியில் கருநீலமாக ஏதோ தெரிந்தது. "மழ எறங்கப் போவுதுடி, வைக்கப்போரு மூடாம கெடக்கே!" என்று அத்தை பதறிவிட்டாள். டிரைவர்தான், "மழை இல்லம்மா, திண்டுக்கல் பக்கத்து மலைங்க" என்றார். வேனுக்குள் பேச்சு அப்படியே நின்றுபோனது.

திண்டுக்கல்லைத் தாண்டி ஒட்டன்சத்திரம் ரோட்டில் போகும்போது இடதுபக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் வந்தது. அதை எப்படிச் சொல்ல? ஜன்னலுக்குள் அடங்கவே இல்லை. தலையைக் குனிந்து மேலே பார்த்தால்தான் உச்சி தெரிந்தது. முன்னால் பச்சை, அதற்குப் பின்னால் நீலம், அதற்கும் பின்னால் புகை மாதிரி இன்னொரு வரிசை. மேகத்தின் நிழல் சரிவில் மெல்ல ஊர்ந்து போனது. அவ்வளவு பெரிய ஒன்று அசையாமல் நிற்பதைப் பார்க்கப் பார்க்கத் தொண்டை அடைத்தது. அப்பாயி ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "முருகா, இம்மாம் பெரிய வீட்டுலயாப்பா இருக்க" என்று அழுதுவிட்டாள். கோயில் இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. எங்களுக்குத் தரிசனம் அங்கேயே ஆகிவிட்டது என்றுதான் சொல்வேன். தொல்காப்பியம் மலை நிலத்துக்குச் சேயோனைத் தெய்வமாகச் சொன்னதைப் பின்னால் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அந்த ரோடுதான் கண் முன்னால் வந்தது.

தம்பிக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, சண்முகநதியில் குளித்தோம். அப்பாயி செம்பைப் பிரித்துப் பாதித் தண்ணீரை அந்த ஆற்றில் விட்டாள். எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தச் சண்முகநதி பழனி மலைகளில் பிறந்து, அமராவதியில் கலந்து, அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் சேருகிறது. அந்த மலையில் பெய்கிற மழையும் எங்கள் வயலுக்கு வருகிற ஆற்றில் கலந்துதான் இருக்கிறது! அப்பாயிக்குப் படிப்பு கிடையாது. இருந்தும் அவள் கை சரியான இடத்தில்தான் ஊற்றியிருக்கிறது.

முதலில் அடிவாரத்துத் திருஆவினன்குடி, அப்புறம் மலை. 693 படிகள். வழியில் இடும்பன் சந்நிதி. சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலைகளைக் காவடியாகத் தூக்கி வந்தவன் அவன். மலையைப் பார்த்த அன்றைக்கே அந்தக் கதையையும் கேட்டதால், அவன்மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. உள்ளே, போகர் நவபாஷாணத்தில் செய்ததாகச் சொல்லப்படும் தண்டாயுதபாணி, ஆண்டிக்கோலத்தில். கூட்டத்தில் ஒரு கணம்தான் பார்க்க முடிந்தது. அது போதும்.

வெளிப்பிராகாரத்துக்கு வந்தால் தெற்கே அதே மலைத்தொடர், மதில் மாதிரி. பஞ்சாமிர்தத்தை நக்கிக்கொண்டு அங்கேயே நின்றோம். அதில் சேருகிற விருப்பாச்சி வாழைப்பழம் அந்த மலையில் விளைவதுதான் என்று பெரியப்பா கைநீட்டிக் காட்டினார். 2023 அக்டோபரிலிருந்து மேலே செல்போனுக்குத் தடை. நல்லதுதான், கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்.

டெல்டாவிலிருந்து பழனிக்குக் கிளம்புகிறவர்கள் திண்டுக்கல் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலோரமாக உட்காருங்கள். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் போனால் உச்சி வரை தெளிவாகத் தெரியும்.