ஸ்டிக்கர் இல்லாத சட்டை

பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னைக்கு காலைல பிரைமரிக்கு, அதாவது கட்சிகளோட வேட்பாளர் யாருன்னு மக்களே தேர்ந்தெடுக்கிற தேர்தலுக்கு, ஓட்டு போடப் போனார், பத்தே நிமிஷத்துல திரும்பி வந்துட்டார்.

சட்டையில, ஓட்டு போட்டவங்களுக்குக் குடுக்கிற அந்த "நான் ஓட்டு போட்டேன்" ஸ்டிக்கர் இல்ல. வழக்கமா ராத்திரி வரைக்கும் அதைக் கழட்டவே மாட்டார்.

போன வருஷம் டெமாக்ரட், ரிபப்ளிகன் ரெண்டு கட்சியும் வேண்டாம்னு வாக்காளர் பதிவை மாத்திட்டாராம். எங்க பென்சில்வேனியா மாநிலத்துல கட்சியில பேர் பதிஞ்சவங்க மட்டும்தான் அந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியும். டெலவேர் ஆத்தைத் தாண்டினா நியூ ஜெர்சி, அங்க இவரை மாதிரி ஆளுங்க பூத்துலயே ஒரு கட்சியைச் சொல்லிட்டு ஓட்டு போடலாம்!

நவம்பர்ல நடக்குற பொதுத் தேர்தல்ல போடலாமேன்னு சொல்லுவாங்க. ஆனா எங்க பிலடெல்பியாவுல 1952-லருந்து மேயர் எல்லாருமே டெமாக்ரட் கட்சிதான், அப்போ யார் மேயர்னு நிஜமா முடிவாகுறது பிரைமரியிலதானே, அங்கயே இவரை வெளிய நிறுத்திட்டா நவம்பர் ஓட்டுக்கு என்ன மதிப்பு இருக்கு? எனக்கு மனசு ஆறவே இல்ல.

கட்சி மாத்தணும்னா தேர்தலுக்கு 15 நாள் முன்னாடியே மாத்தியிருக்கணும்.

சாயங்காலம் வாசல்ல உக்காந்திருந்தார். கை அடிக்கடி அந்த ஸ்டிக்கர் ஒட்டுற இடத்துக்கே போய்ட்டு வந்துச்சு.