ஸ்ட்ரீமர் கட்டிப் பழகிய நான்கு மாதங்கள்

நான்கு மாதங்களுக்கு முன்பு மீன்பிடித் தூண்டிலுக்காக நான் கட்டிய முதல் ஸ்ட்ரீமரான வூலி பக்கரையும் நேற்றிரவு கட்டி முடித்த 41ஆவது ஸ்ட்ரீமரையும் மேசைமேல் அருகருகே வைத்திருக்கிறேன். முதலாவதின் உடல் தடித்திருக்கிறது. வால் கொக்கியைப் போல இரண்டு மடங்கு நீண்டிருக்கிறது. தலைப்பகுதியில் நூலும் பசையும் சேர்ந்து கொக்கியின் காதை அடைத்துவிட்டன. 41ஆவதில் அதன் பாதியளவுப் பொருள்கூட இல்லை. இரண்டையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்தால் உயிருள்ளதாகத் தோன்றுவது இந்த மெலிந்ததுதான். எதைக் குறைத்தேன், ஏன் குறைத்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நன்னீரில் பெரிய மீன்கள் இரையாகக் கொள்ளும் சிறுமீன், அட்டை, கிரேஃபிஷ் போன்றவற்றின் சாயலில், நீருக்கடியில் இழுத்து ஆட்டுவதற்காகக் கட்டப்படும் ஃப்ளைதான் (இறகு, முடி, நூல் ஆகியவற்றைக் கொக்கியில் கட்டிச் செய்யும் போலி இரை) ஸ்ட்ரீமர். நீண்ட தண்டுள்ள கொக்கியில் கட்டுவதால் தவறைப் பிரித்துத் திருத்துவதற்கு இடம் கிடைக்கிறது. மிதக்கும் ஃப்ளைகளுக்கான 16ஆம், 18ஆம் எண் கொக்கிகளோடு ஒப்பிட்டால், நான் பயன்படுத்தும் 6ஆம் எண் கொக்கி கண்ணுக்கும் விரலுக்கும் மிக இதமானது. எண் கூடக்கூடக் கொக்கி சிறிதாகும் என்பதைப் புதியவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967இல் உருவாக்கிய வூலி பக்கரில் தொடங்கினேன். வாலுக்கு மராபூ இறகு, உடலுக்கு செனில் என்னும் பஞ்சுக்கயிறு, அதன்மேல் சுற்ற ஒரு சேவல் இறகு என மூன்றே பொருள்கள் போதும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். பொருள்கள் மூன்றுதான் என்றாலும், அவை ஒவ்வொன்றையும் கையாளத் தெரிந்துகொள்ளவே முதல் ஒன்றரை மாதம் சரியாகப் போய்விட்டது.

மராபூ என்னும் பெயர் நாரை இனத்துப் பறவை ஒன்றிலிருந்து வந்தது. இன்று விற்பனைக்கு வருவது வான்கோழியின் மென்னிறகு. மூச்சுக் காற்றுக்கே அசையும் அந்த இறகு காய்ந்திருக்கும்போது பொய்யான பருமன் காட்டும். முதல் 8 ஃப்ளைகளில் அந்தப் பருமனைப் போதாது என்று எண்ணி, இரண்டு இறகுகளைச் சேர்த்துக் கட்டினேன். நனைந்ததும் அவை ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் கயிறுபோல் அசையாமல் பின்னால் நீண்டன. இப்போது ஒரே இறகை எடுத்து, விரலை நனைத்து நீவி, அதன் உண்மையான பருமனைப் பார்த்த பிறகே தண்டின்மேல் வைக்கிறேன். வாலின் நீளம் கொக்கித் தண்டின் நீளத்தைத் தாண்டினால் அது வளைவில் சுற்றிக்கொள்கிறது; மீன் வாலை மட்டும் கடித்துவிட்டு விலகவும் வாய்ப்புண்டு. நீளத்தைக் குறைக்கக் கத்தரிக்கோலால் நேராக வெட்டினால் நுனி தூரிகைபோல் மொட்டையாகிவிடும். கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துக் கிள்ளி எடுத்தால் இழைகள் ஏற்றத்தாழ்வாக அறுந்து, நுனி இயல்பாகக் கூர்ந்து நிற்கிறது. இந்த ஒரு பழக்கம் என் ஃப்ளைகளை வேறெதையும்விட அதிகமாக மாற்றியது.

சேவல் இறகைச் சுற்றுவதில் எனக்கு நேர்ந்த தவறு திசை பற்றியது. இறகின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். மங்கலான பக்கம் உடலை நோக்கியபடி சுற்றினால் இழைகள் பின்னோக்கிச் சாய்ந்து, இழுக்கும்போது படுத்து, நிறுத்தும்போது விரிகின்றன. மாற்றிச் சுற்றிய ஃப்ளையோ முன்னோக்கி முள்ளம்பன்றிபோல் சிலிர்த்து நிற்கும். இறகின் நடுத்தண்டு மெல்லியது என்பதால், அதைச் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் மெல்லிய செம்புக் கம்பியை நான்கைந்து சுற்று ஏற்றிக் கட்டுவதும் இப்போது என் வழக்கமாகிவிட்டது. கம்பியைச் சுற்றும்போது அதை இடவலமாகச் சற்றே ஆட்டிக்கொண்டே கொண்டுபோனால், இழைகள் அதன் அடியில் மாட்டி மடங்காமல் தப்பிக்கின்றன.

தலைப்பகுதி நெருங்கிப்போவதற்குத் தீர்வு மிக எளிதாக இருந்தது. கொக்கியின் காதுக்குப் பின்னால் இரண்டு காதளவு இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் செனிலை நிறுத்துகிறேன்.

அடுத்து வந்தது எடை. ஆழமான ஒரு தொட்டியில் நீர் நிரப்பி, ஒரே மாதிரி கட்டிய மூன்று ஃப்ளைகளை ஓரடி நூலில் கோத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் எடை இல்லை. இரண்டாவதில் தண்டு முழுக்க ஈயமில்லாக் கம்பி. மூன்றாவதில் முன்பாதியில் மட்டும் 12 சுற்று. எடையில்லாதது நீர்மட்டத்துக்கு அருகிலேயே தயங்கி நின்றது. இரண்டாவது கிடைமட்டமாக, ஒரு குச்சி அமிழ்வதுபோல் இறங்கியது. மூன்றாவது, நான் இழுப்பதை நிறுத்திய கணத்தில் மூக்கைத் தாழ்த்தி விழுந்தது. அப்படி விழும்போது வால் மேலே விரிந்து, மறுபடி இழுத்ததும் ஒடுங்கியது. அந்தத் தொட்டிக்கு முன்னால் அமர்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்த ஒன்றையே இழுத்தும் விட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈயம் நீர்ப்பறவைகளுக்கு நஞ்சு என்பதால் தொடக்கத்திலிருந்தே அதைத் தவிர்க்கிறேன்.

இந்த மூக்குத் தாழ்வை இன்னும் தெளிவாகக் கற்றுத் தந்தது கிளவுசர் மின்னோ என்னும் மற்றொரு ஸ்ட்ரீமர். சஸ்குவஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் மீன்களுக்காக பாப் கிளவுசர் 1980களில் வடிவமைத்தது அது. டம்பெல் வடிவ உலோகக் கண்கள் தண்டின் மேற்பக்கத்தில் அமர்வதால், ஃப்ளை தண்ணீரில் புரண்டு, கொக்கி முனை மேல்நோக்கி வரும். அடியிலுள்ள கல்லிலும் கட்டையிலும் மாட்டுவது பெரிதும் குறையும். என் முதல் மூன்றில் கண்கள் தண்டைச் சுற்றித் திரும்பின. வெறும் எட்டு வடிவச் சுற்றுகளை மட்டும் நம்பியதுதான் காரணம். அவற்றுக்குப் பிறகு, கண்களுக்கு அடியிலும் தண்டுக்கு மேலுமாக நூலைக் கிடைவட்டமாகச் சுற்றினால், முன்பு போட்ட சுற்றுகள் அனைத்தும் ஒன்றாக இறுகுகின்றன. அதன்மேல் ஒரு துளி உடனடிப் பசையும் வைக்கிறேன். இதற்குப் பயன்படும் மான் வால் முடியில், அடிப்பகுதி முடி உள்ளீடற்றது; நூல் இறுகியதும் விரிந்து நிற்கும். நுனிப் பக்கத்து முடியை எடுத்தால் நேராகப் படிகிறது. ஊடே பார்த்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிதாகக் கட்டுவதே இந்த ஃப்ளையின் அழகு.

கொக்கியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் வைஸ் என்னும் கருவி இல்லாமல் கட்ட முடியுமா என்று ஒருநாள் முயன்றேன். மெய்ன் மாநிலத்தில் வாழ்ந்த கேரி ஸ்டீவன்ஸ் கொக்கியைக் கையில் பிடித்தபடியே தம் ஸ்ட்ரீமர்களைக் கட்டினார். 1924இல் அவற்றுள் ஒன்றைக் கொண்டு 6 பவுண்டு 13 அவுன்ஸ் எடையுள்ள புரூக் ட்ரவுட் மீனைப் பிடித்தார். என் கையில் நூலின் இறுக்கம் அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. அவருடைய விரல்கள் எத்தகைய பொறுமையைப் பழகியிருக்க வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

சென்ற வாரம் ஆற்றில் இவற்றைச் சோதித்தேன். தூண்டில் நூலை ஃப்ளையில் இறுக்கி முடிச்சிடாமல், சிறு கண்ணி விட்டு முடிச்சிட்டேன். மூக்குத் தாழ்வு அதில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. கிடைத்த ஐந்து மீன்களில் நான்கு, இழுப்பை நிறுத்தி ஃப்ளை விழுந்துகொண்டிருந்த நேரத்தில் கடித்தன. கம்பி சுற்றாத பழைய வூலி பக்கர் இரண்டாவது மீனோடு அறுந்து, இறகு பிரிந்து தொங்கியது. கம்பி சுற்றியது அடுத்த மூன்றையும் தாங்கி, சில இழைகளை மட்டும் இழந்து திரும்பியிருக்கிறது.

இப்போது மட்லர் மின்னோ என்னும் இன்னொரு ஸ்ட்ரீமரின் தலைக்காக மான் முடியைத் தண்டைச் சுற்றி விரியச் செய்யப் பழகுகிறேன். நூலால் மூடிய தண்டின்மேல் முடி சுழல மறுத்து மேற்பக்கமே குவிந்தது. வெறும் தண்டில் இரண்டு தளர்ந்த சுற்று போட்டு மெல்ல இறுக்கியபோது, நேற்று முதன்முறையாக அது முழு வட்டமாக விரிந்தது. அதைச் செதுக்கி வடிவம் கொடுப்பது இன்னும் மீதமிருக்கிறது.