ஒரு பென்சில் கோடு

பெங்களூரு அல்சூரில், 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009இல்தான் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலைக்குச் சற்றுத் தள்ளி, மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று நாங்கள் ஐவர் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறோம். எங்களில் எவருடைய கதையும் இதுவரை அச்சேறியதில்லை.

சென்ற முறை நான் வாசித்த கதையில், மாமியார் இறக்கும் காட்சியைத்தான் பெரிதாக நினைத்திருந்தேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தாளை வாங்கி, "இட்லித் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்துதான் அழுதாள்" என்ற வரியின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, "இது உன்னுடையதும்மா, மற்றதெல்லாம் எங்கேயோ படித்தது" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆயினும் அன்றிரவே அந்த ஒரு வரியிலிருந்து கதையை மறுபடியும் தொடங்கினேன். பத்துப் பேர் 'அருமை, தொடர்ந்து எழுதுங்கள்' என்று சொல்லியிருந்தால் தொடங்கியிருக்க மாட்டேன். (அப்படிச் சொல்வதில் நானும் கைதேர்ந்தவள்தான்.)

இதுவரை கேட்பதோடு நின்றிருந்த அக்கா, மூன்று ஆண்டுகளாக அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த தம் முதல் கதையை அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறாராம். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.