இலையின் நரம்பும் விரலின் நகமும்

அமெரிக்காவில் ஒரு நூலகத்தில் பழைய அச்சுப் பொருட்களைப் பட்டியலிடுவது என் வேலை. இரண்டு மாதமாக என் மேசை முழுக்கப் புகையிலைக் கம்பெனிகளின் விளம்பர அட்டைகள். பெரும்பாலும் 1880களில் அச்சானவை. சிகரெட் பாக்கெட் அப்போது வெறும் மெல்லிய தாள்தான். உள்ளிருப்பது நசுங்காமலிருக்கக் கெட்டி அட்டை ஒன்றைச் செருகினார்கள்; சும்மா விடுவானேன் என்று அதில் படமும் போட்டார்கள். கடைகளில் இலவசமாகக் கொடுத்த பெரிய அட்டைகளும் உண்டு. கல் அச்சில் ஏற்றிய வண்ணம், இன்னும் மங்கவில்லை.

அப்படியொரு பெரிய அட்டை. கிழிந்த கால்சட்டையோடு ஒரு கறுப்பினத்தவர் புகையிலைப் பொதிமேல் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் பாதி உதடுதான், கண்கள் பிதுங்குகின்றன. பழைய பதிவேட்டில் ‘வேடிக்கைக் காட்சி’ என்று எழுதியிருந்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புகையிலை இலையின் நரம்பு ஒவ்வொன்றையும் ஓவியர் பொறுமையாக வரைந்திருக்கிறார். அந்த மனிதரின் விரல்களுக்கு நகம்கூட இல்லை. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் ஆலைகளில் அந்த நடுநரம்பை இலையிலிருந்து நாளெல்லாம் உருவி எடுத்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். எனக்குக் கை ஓடவில்லை.

எல்லா அட்டையும் கேலிச்சித்திரம் இல்லை. ரிச்மண்டின் ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி 1888-இல் வெளியிட்ட செவ்விந்தியத் தலைவர்கள் வரிசையில் 50 அட்டைகள். ஒவ்வொன்றும் பெயரோடு, கம்பீரமாக. அதில் அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்ட அப்பாச்சி பழங்குடியின் ஜெரோனிமோவும் இருக்கிறார். அவர் 1886-இல் சரணடைந்தவர்; 1909-இல் சாகும்வரை போர்க்கைதி. ஆள் காவலில், முகம் பாக்கெட்டில். என்னை அதிகம் உறுத்தியது இந்த மரியாதையான படம்தான்.

இவற்றை ஸ்கேன் செய்யாமல் விட்டுவிடலாமா என்று மூத்த சகபணியாளரிடம் கேட்டேன். அவரும் கறுப்பினத்தவர். அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போடு. மறைத்தால் யாரும் இப்படி வரையவே இல்லை என்றாகிவிடும். ஆனால் வேடிக்கை என்று மட்டும் எழுதாதே” என்றார்.

சரி என்று உட்கார்ந்து மூன்று தடவை அடித்து எழுதினேன். இப்போது பதிவில் இருப்பது இது: ‘புகையிலை விளம்பரம். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரம். படத்தில் இருப்பவரின் பெயர் குறிக்கப்படவில்லை.’ ஜெரோனிமோவின் பதிவில், அட்டை அச்சானபோது அவர் கைதியாக இருந்தார் என்று ஒரு வரி சேர்த்தேன்.