ஆவணி எந்த மாதம்? – நாடுகடத்தல் வழக்கு நடத்தக் கற்றுக்கொண்ட அனுபவம்

பயிற்சியில் சேர்ந்ததும் எங்களுக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு நாள் காலையில் குடிவரவு நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது. 2019 செப்டம்பர். அதற்கு முன் பதினோரு வருடம் அமெரிக்காவில் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் வக்கீலாக இருந்தேன். நீதிமன்றப் படி ஏறிய நாட்கள் மிகக் குறைவு.

அன்று ‘மாஸ்டர் காலண்டர்’. நம்மூரில் வாய்தா நாள் என்போமே, ஏறக்குறைய அது. கைக்குழந்தையோடு ஒரு பெண் முன்னால் போய் நின்றார். மொழிபெயர்ப்பாளர் மூலமாக நீதிபதி கேட்டார்: “வக்கீல் இருக்கிறாரா?” தேடினேன், கிடைக்கவில்லை என்றார். இலவச சட்ட உதவி தரும் அமைப்புகளின் பட்டியல், ஜெராக்ஸ் தாள் ஒன்று, அவர் கையில் கொடுக்கப்பட்டது. அதை நாலாக மடித்துக் குழந்தையின் பால் புட்டிப் பைக்குள் செருகிக்கொண்டார். அடுத்த தேதி சொன்னார்கள். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அரசுத் தரப்பு மேசையில் மட்டும் ஒரு வக்கீல் காலை முழுவதும் இருந்தார்.

திருட்டு வழக்கில் பிடிபட்டு, காசில்லை என்றால் அமெரிக்காவில் அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும். 1963இல் உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் உறுதிசெய்தது அது. நாடுகடத்தலுக்கு அந்த உரிமை கிடையாது. நாடுகடத்தல் தண்டனை அல்ல என்று 1893இலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். அதனால் அது குற்ற வழக்கு இல்லை, உரிமையியல் வழக்கு. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று குடிவரவுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2007 முதல் 2012 வரை நடந்த 12 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை ஆராய்ந்த ஒரு கட்டுரையைப் பயிற்சியில் படிக்கக் கொடுத்தார்கள். வக்கீல் இருந்தவர்கள் 37 சதவீதம். தடுப்புக் காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம்தான். அந்தப் பெண் தாளை மடித்த கையைப் பார்த்த பிறகு இந்த எண்களைப் படித்தது என்னை வெகுவாகப் பாதித்தது.

பயிற்சி மூன்று சனிக்கிழமைகள். நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். கட்டணம் கிடையாது, பதிலுக்கு ஒரு வழக்கை முடிவுவரை காசு வாங்காமல் நடத்தித் தர வேண்டும். குடிவரவு நீதிமன்றம் நீதித்துறையைச் சேர்ந்ததே அல்ல, நீதி அமைச்சகத்தின் கீழ் வருவது, நீதிபதிகளை நியமிப்பவர் அட்டர்னி ஜெனரல் என்பதே என்னோடு உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. முதல் நாள் சட்டம். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருப்பது என்று ஐந்தே காரணங்கள். துன்புறுத்தியவர் அவற்றில் ஒன்றுக்காகத் துன்புறுத்தியிருந்தால்தான் அசைலம், அதாவது அடைக்கலம், கிடைக்கும். நாட்டுக்குள் வந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அடுத்த வாரம் பேப்பர் வேலை. அப்போதெல்லாம் ஆவணங்களின் மேல்பக்கம் இரண்டு துளை போட வேண்டியிருந்தது, பக்க எண் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை தொடர வேண்டும், வேற்றுமொழித் தாள் ஒவ்வொன்றோடும் மொழிபெயர்த்தவரின் சான்று இருக்க வேண்டும். எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று நீதிபதி கேட்பார். நாட்டின் பெயரை நம் வாயால் சொல்லக் கூடாது, மறுக்கிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். இதெல்லாம் கையேட்டைப் பார்த்துப் படித்துவிடலாம்.

மூன்றாவது சனிக்கிழமை ஒத்திகை விசாரணை. முன்னாள் குடிவரவு நீதிபதி ஒருவர் நீதிபதியாக உட்கார்ந்தார். நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கட்சிக்காரராக நடித்தார். நான் கேள்வி கேட்டேன்: “போலீஸ் உங்களை அடித்தார்கள், இல்லையா?” நீதிபதி உடனே நிறுத்தினார். பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள், அவர் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது என்றார். பிறகு அவர் சொன்னதை என் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்: விசாரணை முழுவதும் ஒலிப்பதிவாகும், ஆனால் மேல்முறையீட்டுக்குப் போகும் எழுத்துப் பிரதியில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும். உங்கள் கட்சிக்காரர் என்ன பேசினார் என்பது அங்கே இருக்காது, மொழிபெயர்ப்பாளர் என்ன சொன்னார் என்பதுதான் இருக்கும்.

2020 ஜனவரியில் எனக்கு வழக்கு வந்தது. தமிழ் தெரிந்த வக்கீல் என்பதால் இலங்கையின் வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பியின் கோப்பைக் கொடுத்தார்கள். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் சொல்லவில்லை. 24 வயது. மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். 2019 மே மாதம் தெற்கு எல்லையில் பிடிபட்டு, திரும்பிப் போனால் ஆபத்து என்று அவர் பயப்படுவது நம்பத்தக்கதா என்று பார்க்கும் முதல்கட்ட நேர்காணலில் தேறி, பிணையில் வெளியே வந்து ஒரு பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடக் கெடு முடிய நாலு மாதமே இருந்தது.

நான் மதுரைக்காரி. தமிழ்தானே, எளிதாகப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். முதல் சந்திப்பில் அவர் வேகமாகப் பேசியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. என்ன நடந்தது என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “காசு கேட்டு அடிச்சவங்கள், மேடம்.” காசுக்காக அடித்தால் அது வழிப்பறி. அந்த ஐந்து காரணங்களில் காசு இல்லை. இந்தப் பதிலை மட்டும் கொண்டு போனால் வழக்கு தோற்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் “உங்களைப் புலி என்று சொல்லித்தானே அடித்தார்கள்?” என்று நான் கேட்கவே கூடாது. அது அவர் வாயில் நான் வார்த்தையைத் திணிப்பது.

பயிற்சியில் சொன்னபடி அடியை விட்டுவிட்டு அன்றைய நாளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், யார் கதவைத் தட்டியது, நாய் குரைத்ததா, அவர்கள் என்ன உடையில் இருந்தார்கள். ஐந்தாவது சந்திப்பில், என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “‘கொண்ணன் இயக்கத்துக்கு உழைச்சவன்தானே, நீயும் அவங்கட ஆள்தானே, இப்ப எங்களுக்குத் தா’ எண்டு கேட்டவங்கள் அக்கா.” மேடம் அக்காவானது அன்றுதான். கொண்ணன் என்றால் உன் அண்ணன், இயக்கம் என்றால் விடுதலைப் புலிகள். அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கு இருந்தது. காசும் காரணம், அவர்மீது சுமத்தப்பட்ட அரசியலும் காரணம். ஐந்தில் ஒன்று மையமான காரணங்களில் ஒன்றாக இருந்தால் போதும் என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டம்.

அதே வாக்கியம் ஆபத்தானதும்கூட. விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போட்டிருந்தால்கூட ‘பொருளுதவி’ என்று சொல்லி அசைலத்தை மறுக்கலாம். துப்பாக்கி முனையில் வாங்கிக்கொண்டு போயிருந்தாலும் அப்படித்தான். கொடுக்காவிட்டால் உயிர் போகும் என்ற நிலையில் இருந்த வன்னி மக்களை இந்தச் சட்டம் நடத்தும் விதம் அநியாயம் என்பது என் கருத்து. என் கட்சிக்காரருக்கு 2009 மே மாதம் போர் முடிந்தபோது வயது 14. அவர் எதுவும் கொடுத்ததில்லை. அதையும் வருடவாரியாகக் கேட்டு வாக்குமூலத்தில் எழுதினோம்.

மார்ச் முதல் வாரம் மனுவைத் தாக்கல் செய்தோம். அடுத்த சில நாட்களில் கொரோனா எல்லாவற்றையும் மூடியது. அதன்பின் சந்திப்பெல்லாம் வாட்ஸ்அப் வீடியோவில்தான். அந்த ஜூனில் ஒரு நாள் அதிகாலையில், இரவு வேலை முடித்த கையோடு போன் செய்தார். எல்லையிலிருந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. “இனி எங்கள் எல்லாரையும் அனுப்பப் போறாங்களோ, அக்கா?” முதல்கட்ட நேர்காணலில் தேறாதவர்கள் பெரிய நீதிமன்றத்துக்குப் போய் முறையிடுவது பற்றிய தீர்ப்பு அது, நீங்கள் தேறியவர், உங்களுக்கு முழு விசாரணை உண்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அரை மணி நேரம் ஆயிற்று. என் கட்சிக்காரருக்கும் அந்த மனிதருக்கும் நடந்தவை கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. அதை நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

ஆவணி விஷயத்துக்கு வருகிறேன். எல்லையில் நடந்த நேர்காணலில் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில்தான் இருந்திருக்கிறார். அதன் எழுத்துப் பிரதியில், தன்னைப் பிடித்துக்கொண்டு போனது 2017 ‘செப்டம்பர் நடுவில்’ என்று இருந்தது. எங்கள் வாக்குமூலத்தில் ஆகஸ்ட். ஊர் ஆஸ்பத்திரித் துண்டில் ஆகஸ்ட் 29. சிறு முரண்பாட்டைக்கூடக் காட்டி ஒருவரை நம்பத் தகாதவர் என்று தீர்மானிக்க அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாரக்கணக்கில் அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு தவித்தேன். “எல்லையில் என்ன சொன்னீர்கள், அதே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்டேன்.

“ஆவணிக் கடைசி எண்டு சொன்னனான்.”

எனக்கு ஆவணி என்றால் ஆகஸ்ட் பாதியில் பிறந்து செப்டம்பர் பாதியில் முடிவது. தொலைபேசியில் இருந்தவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆவணிக் கடைசியை அவர் செப்டம்பர் நடு என்று கணக்குப் போட்டிருக்கிறார். இலங்கையில் தை என்றால் ஜனவரி, ஆவணி என்றால் ஆகஸ்ட், அவ்வளவுதான். ஆவணிக் கடைசி என்றால் ஆகஸ்ட் கடைசி. இலங்கையில் அச்சான தமிழ் நாட்காட்டி ஒன்றின் பக்கத்தை மொழிபெயர்த்து, சான்று இணைத்து, ‘ஜி’ இணைப்பாகச் சேர்த்தேன். ஐந்நூறு பக்கக் கோப்பில் என் கண்ணுக்கு அதுதான் முக்கியமான தாள்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். எங்கள் ஊர்த் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் எங்கே தடுக்கி விழுவார் என்று தோன்றிய சொற்களை அதில் எழுதினேன். ஆறுதலாக வந்தேன் என்றால் மெதுவாக வந்தேன். வெளிக்கிட்டேன் என்றால் புறப்பட்டேன். விதானை என்றால் கிராம அலுவலர். இயக்கம் என்றால் பொதுவான இயக்கம் இல்லை.

இறுதி விசாரணை 2022 மே மாதம், முகக்கவசத்தோடு. அரசு ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் நல்ல ஆங்கிலம் பேசினார். தமிழைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரர். அரைமணி நேரம் எல்லாம் சரியாகப் போயிற்று. பிடித்துக்கொண்டு போனவர்களிடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “அவையோட கதைச்சனான். அண்ணையைப் பற்றி ஒண்டும் தெரியாது எண்டு சொன்னனான்.”

‘அவர்களிடம் கதை சொன்னேன்’ என்று ஆங்கிலத்தில் வந்தது.

அரசு வக்கீல் நிமிர்ந்து எதையோ குறித்துக்கொண்டார். கதை சொன்னேன் என்றால் ஆங்கிலத்தில் பொய் சொன்னேன் என்றும் படும். கட்சிக்காரருக்கு ஆங்கிலம் போதாது, தன் வாயில் என்ன ஏற்றப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்து, மொழிபெயர்ப்பை ஆட்சேபிக்கிறேன், பதிவில் ஏற வேண்டும் என்றேன். ஒரு வக்கீல் தானே மொழிபெயர்ப்பாளராக முடியாது. சரியான சொல்லை நான் சொன்னால் அது சாட்சியம் ஆகாது. அதனால், இலங்கைத் தமிழில் அந்த வினைச்சொல்லுக்கு என்ன பொருள் என்று மொழிபெயர்ப்பாளரையே கேட்கும்படி வேண்டினேன். நீதிபதி கேட்டார். அவர் ஒரு கணம் யோசித்தார். “மன்னிக்கவும், அங்கே அது ‘பேசினேன்’. நான் தவறாகச் சொல்லிவிட்டேன்” என்றார். அதை நேர்மையாக ஒப்புக்கொண்ட அந்த மனிதருக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். நீதிபதி கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னார். இந்த முறை ஆங்கிலத்தில் ‘பேசினேன்’ என்று பதிவாயிற்று.

குறுக்கு விசாரணையில் செப்டம்பர் பற்றி வந்தது. ‘ஜி’ இணைப்பைக் காட்டினேன். நீதிபதி அந்த நாட்காட்டிப் பக்கத்தை விரலால் வரிவரியாகத் தடவிப் படித்தார்.

அன்றைக்கே வாய்மொழியாகத் தீர்ப்பு சொன்னார். அசைலம் கிடைத்தது. மேல்முறையீட்டு உரிமையை அரசுத் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. 30 நாள் கெடு முடியும்வரை என்னால் யாரிடமும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அவர்கள் மேல்முறையீடு செய்யவில்லை.

இப்போது அதே பயிற்சியில் மொழிபெயர்ப்பு பற்றிய ஒரு மணி நேர வகுப்பை நான் எடுக்கிறேன். ஸ்பானிஷ் பேசும் கட்சிக்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள் என்பதால் என் நோட்டு அவர்களுக்கு நேரடியாக உதவாது. ஆனால் குவாத்தமாலாவின் மாம் மொழி பேசும் ஒருவரை ஸ்பானிஷ்காரர் என்று வைத்து விசாரித்த அனுபவத்தை ஒரு வக்கீல் எழுந்து சொன்னார். வகுப்பின் மீதி நேரம் அவருடையதாகிவிட்டது, நானும் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

அசைலம் கிடைத்தவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். நாங்கள் அடுத்த மாதமே உட்கார்ந்தோம். படிவத்தில் திருமணத் தேதி கேட்டிருந்தது.

“தை இருபத்தேழு, அக்கா.”

“ஜனவரி இருபத்தேழுதானே?”

“ஓம் அக்கா, ஜனவரிதான்.”

எழுதினேன்.