மேட்டில் திணறிய கோல்ஃப் வண்டி: கிளட்ச் பாகம் தேர்ந்தெடுத்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் சாட்ஸ்வர்த்தில் சமதரை என்பதே அபூர்வம். கோயிலும் மேட்டில்தான். கார் நிறுத்துகிற இடத்திலிருந்து வாசல் வரை பாட்டிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்துத்தான், போன வருஷம் ஒரு கோல்ஃப் கிளப் கழித்துவிட்ட பெட்ரோல் வண்டியை வாங்கினேன். ‘கிளப் கார்’ நிறுவனத்தின் டிஎஸ் மாடல். கவாஸாகி எஃப்இ290 என்ஜின், ஒற்றை சிலிண்டர். சட்டம் அலுமினியம் என்பதால் டர்பன் உப்புக்காற்றுக்கு அடியில் இற்றுப்போகவில்லை. விலை படிந்ததும் எடுத்துவிட்டேன்.

காலியாக ஓட்டினால் தங்கம். பின் சீட்டில் இரண்டு பேர் ஏறினால் போச்சு. கிளம்பும்போது ஒரு உதறல், மேட்டில் என்ஜின் மட்டும் அலறும், வண்டி நத்தையாக நகரும். தைப்பூசத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

‘கிளட்ச் போயிருக்கும், முன் கிளட்ச்சை முழுசாக மாற்றிவிடு’ என்றுதான் கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டிய சாமான். ரேண்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், வண்டி வாங்கிய பணத்தில் பாதி. ஆர்டர் போடுமுன் பக்கத்து வீட்டு மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“பிரிச்சுப் பாத்தியா தம்பி?”

“இல்ல மாமா.”

“அப்புறம் எப்படி வாங்குவ?”

சனிக்கிழமை காலை பேட்டரி ஒயரையும் ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். இந்த வண்டியில் பெடலை மிதித்தாலே என்ஜின் ஓட ஆரம்பித்துவிடும். கை உள்ளே இருக்கும்போது யாராவது மிதித்துத் தொலைத்தால் விரல் போய்விடும்.

உள்ளே இருப்பது நம் ஊர் ஸ்கூட்டரின் ஏற்பாடுதான். என்ஜின் பக்கம் ஒரு புல்லி, அது முன் கிளட்ச். பின் அச்சின் கியர் பெட்டியில் இன்னொன்று, பின் கிளட்ச். நடுவில் பெல்ட். என்ஜின் வேகம் கூடும்போது முன் கிளட்ச்சின் வெயிட்டுகள் விரிந்து தட்டுகளை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். அதே நேரம் பின் கிளட்ச் ஸ்பிரிங்கை எதிர்த்து விரியும், பெல்ட் அதற்குள் இறங்கும். ஸ்கூட்டரில் பின்பக்கம் தனியாக ஒரு கிளட்ச் ஷூ உண்டு, இங்கே அது கிடையாது. வண்டி நிற்கும்போது முன் புல்லியின் தட்டுகள் அகன்றிருக்கும், பெல்ட் பிடிப்பில்லாமல் தளர்ந்து கிடக்கும், அவ்வளவுதான்.

மாமா முதலில் பார்த்தது பின் புல்லியில் பெல்ட் உட்கார்ந்திருந்த உயரத்தை. வண்டி நிற்கும்போது பெல்ட்டின் மேல்பக்கம் புல்லி விளிம்போடு சேர்ந்து இருக்க வேண்டும். என்னுடையது ஒரு நகக்கண் அளவு உள்ளே இறங்கியிருந்தது. கழற்றி வெர்னியர் வைத்து அளந்தேன். பிறகு வாங்கிய புது பெல்ட்டோடு ஒப்பிட்டால் அகலத்தில் 3 மில்லிமீட்டர் குறைவு. பக்கவாட்டுகள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. வழுக்குவதற்கு இதுவே போதும். ஆனால் உதறலுக்குக் காரணம் இது மட்டுமில்லை என்றார் மாமா.

பெல்ட் இல்லாத நிலையில் முன் கிளட்ச்சின் நகரும் தட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். லேசான ஆட்டம் இருந்தது, மோசமில்லை. தட்டின் முகத்தில் நகத்தை இழுத்தால் எங்கும் பள்ளம் தட்டவில்லை. மாற்றத் தேவையில்லை. என் பாதி வண்டிப் பணம் அங்கே தப்பியது.

பின் கிளட்ச்தான் குற்றவாளி. பாகங்களைப் பூட்டிவைக்கும் வளையமான சர்க்கிளிப்பை எடுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கோடு துள்ளும் என்று தெரிந்து துணி போட்டு அமுக்கிக்கொண்டேன், ஆனாலும் சாய்தளத் தட்டு என் கட்டைவிரலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வெளியே வந்தது. அந்தத் தட்டில் மூன்று சரிவுகள், அவற்றின்மேல் சறுக்க மூன்று பிளாஸ்டிக் பட்டன்கள். மேட்டில் பாரம் விழும்போது இந்தச் சரிவுகள்தான் புல்லியை மறுபடி மூடவைத்து, கியரைக் குறைத்ததுபோல் இழுவையைக் கொடுக்கின்றன. என் பட்டன்களில் ஒன்று பாதி தேய்ந்து சாய்ந்திருந்தது, இன்னொன்று ஏறக்குறைய காகிதம். மூன்றாவது இருந்த இடத்தில் உலோகத்தோடு உலோகம் உரசிக் கோடு விழுந்திருந்தது. சுண்டுவிரல் நுனி அளவு மூன்று துண்டு பிளாஸ்டிக் இரண்டு பாட்டிகளைத் தோற்கடித்திருக்கிறது!

இங்கேதான் நான் சொதப்பினேன். விற்றவர் ‘95 மாடல்’ என்று சொன்னதை நம்பி, அதற்கான பட்டன் செட்டை வரவழைத்தேன். மூன்று வாரம் காத்திருந்து பிரித்தால் பொருந்தவில்லை. டிஎஸ் பெட்ரோல் வண்டியில் கிளட்ச் 1997இல் மாறிவிட்டது, அதற்கு முந்தைய பாகம் வேறு. வண்டியின் தொடர் எண்ணை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ‘ஏஜி’ என்றால் டிஎஸ் பெட்ரோல், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், அதற்கடுத்த இரண்டு வாரம். என்னுடையதில் 9812. ஸ்டிக்கர் மேல் கை படிந்த அழுக்கைத் துடைக்காமல் வாய்வார்த்தையை நம்பிய புண்ணியம்.

இரண்டாவது ஆர்டரில் கடைக்காரர் ‘மேடுதானே, கடினமான ஸ்பிரிங் போடுங்கள்’ என்றார். யோசித்தேன். கடினமான பின் ஸ்பிரிங் போட்டால் என்ஜின் அதிக வேகத்தில் சுழன்றபடி மேடு ஏறும், பெரிய டயர் போட்டவர்களுக்கு அது உதவும். என் டயர் பழைய அளவுதான். சத்தமும் பெட்ரோல் செலவும் கூடும், பெல்ட்டும் சூடாகும். பழைய ஸ்பிரிங்கின் நீளமும் குறையவில்லை. அதையே கழற்றுமுன் குறித்துவைத்த துளையில் மாட்டினேன். பட்டன், பெல்ட், சர்க்கிளிப், இவ்வளவுதான் புதுசு. பிரித்தபோது உள்ளே யாரோ எண்ணெய் விட்ட பிசுபிசுப்பு இருந்தது. இந்தக் கிளட்ச் உலர்ந்தே ஓட வேண்டியது. எண்ணெய் விட்டால் பெல்ட் தூளைப் பிடித்துப் பசையாக்கிவிடும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் காயவைத்தேன்.

மாட்டி முடித்த மாலை மாமாவையும் அத்தையையும் பின்னால் ஏற்றிக் கோயில் மேட்டில் விட்டேன். உதறல் இல்லை. என்ஜின் ஒரே சீராக உறுமிக்கொண்டு ஏறியது. ஒரு கீச்சொலி மட்டும் மிச்சம், அது ஸ்டார்ட்டரையும் என்ஜினையும் இணைக்கும் தனிச் சின்ன பெல்ட். இறுக்கியதும் நின்றது.

வாசலில் இறங்கிய மாமா வண்டியைத் தட்டிப் பார்த்தார். டர்பனின் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலத்தைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். கைகளை மாற்றிப் பிடித்து ஆடியவர், 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றும் கோப்பையை மழையில் நின்றபடி வாங்கியவர்.

“அன்னைக்கு நம்ம ஆள கிளப்புக்குள்ள விடல. இன்னைக்கு அவங்க வண்டி நம்ம கோயிலுக்கு ஆள் ஏத்துது.”

பொருந்தாத பட்டன் செட் தகர டப்பாவில் கிடக்கிறது. 97க்கு முந்தைய டிஎஸ் வைத்திருப்பவர் யாராவது டர்பனில் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். முன் கிளட்ச்சின் அந்த லேசான ஆட்டத்தைக் காவடி முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும்.